தாத்தாவின் பைண்டிங்கில் இன்னொரு வீட்டுப் பால் கணக்கு

எங்கள் வீட்டில் 'பொன்னியின் செல்வன்' புத்தகமாக இருந்ததே இல்லை, பைண்டிங்காகத்தான் இருந்தது. 1950இல் கல்கி வார இதழில் தொடர் ஆரம்பித்து 1954இல் முடிகிற வரைக்கும் தாத்தா ஒவ்வொரு வாரமும் பின்னை எடுத்து, அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்து, ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைப்பாராம். ஒரு பாகம் முடிந்ததும் பைண்டரிடம் போகும். இப்படி ஐந்து பாகத்துக்கு ஐந்து பைண்டிங், முதுகில் சிவப்பு காலிகோ துணி. மணியம் வரைந்த படங்கள், பக்கத்துக்குப் பக்கம் விளம்பரங்கள், ஒவ்வொரு வாரத்தின் கடைசியிலும் ஒரு 'தொடரும்'. நான் அந்தக் கதையை அப்படித்தான் படித்தேன். ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு.

2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாற்று வெள்ளம் சென்னை ஜாபர்கான்பேட்டைக்குள் வந்தது. எங்களுடையது தரைத்தளம். அம்மாவை மாடி வீட்டுக்கு ஏற்றிவிட்டு, கேஸ் சிலிண்டரையும் சர்டிபிகேட் பையையும் தூக்கிக்கொண்டு ஓடினோமே தவிர அலமாரியை யாரும் நினைக்கவில்லை. முதல் இரண்டு பாகமும் மேல்தட்டில் இருந்ததால் தப்பித்தன. மற்ற மூன்றும், கூடவே ஒரு முந்நூறு புத்தகமும், மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தன.

அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் முகநூலில் ஒரு வாசகர் குழுவில் சேர்ந்திருந்தேன். சேர்ந்தேன் என்றாலும் அதில் ஒரு வரி எழுதியதில்லை, மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி. கிண்டியில் ஆபீஸ், சைதாப்பேட்டையில் இருந்து ரயிலில் ஒரே ஸ்டேஷன், சுற்றி இருந்தவர்களில் கதை படிக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. ஒரு நாவலை முடித்துவிட்டு அதைப் பற்றிச் சொல்ல ஆளில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். தொண்டையில் ஏதோ நிற்பது மாதிரி ஒரு நாள் முழுக்க இருக்கும், அப்புறம் அடுத்த புத்தகத்தை எடுத்துவிடுவோம். இருபது வருஷம் நான் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்து போனை சார்ஜ் போட்ட அன்றைக்கு, ஊறி இரண்டு மடங்கு தடிமனாகியிருந்த அந்த மூன்று பைண்டிங்கையும் படம் எடுத்து, "இதை என்ன செய்வது என்று யாருக்காவது தெரியுமா?" என்று குழுவில் போட்டேன். அங்கே நான் எழுதிய முதல் வரி அதுதான்.

பத்து நிமிஷத்தில் ஒருவர் போன் நம்பர் கேட்டார். தாம்பரத்தில் இருக்கிற, நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நாங்கள் எல்லோரும் அவரை தாம்பரம் சார் என்றுதான் சொல்வோம். "வெயில்ல மட்டும் வச்சுடாதீங்கம்மா, முறுக்கிக்கும். ஒட்டின பக்கத்தை இப்போ பிரிக்கவும் பிரிக்காதீங்க, கிழிஞ்சு கையோட வந்துடும்" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். இருபது பக்கத்துக்கு ஒரு இடத்தில் பழைய செய்தித்தாளை நுழைத்து வைக்க வேண்டும், அது ஈரத்தை இழுத்ததும் எடுத்துவிட்டு வேறு தாள் வைக்க வேண்டும். புத்தகத்தைப் படுக்கப் போடாமல் நிற்க வைத்து, நிழலில், ஃபேன் காற்று படுகிற மாதிரி வைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த பக்கத்தை நன்றாகக் காய்ந்த பிறகு வெளியில் கொண்டு போய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்ட வேண்டும். வழவழப்பான தாள் என்றால் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும், செய்தித்தாள் மாதிரி சொரசொரப்பான தாள் என்றால் பெரும்பாலும் பிழைத்துவிடும் என்றார். அவர் சொன்னபடியே ஆனது. புது புத்தகங்களில் பாதி கல்லாகிப் போனது, தாத்தாவின் பழைய தாள் பிழைத்தது. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு "எத்தனை பக்கம் வந்துச்சும்மா?" என்று போன் செய்வார். என்னை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை.

எல்லாம் காய்ந்த பிறகு எண்ணிப் பார்த்தால் ஏழு வாரத்துப் பக்கங்கள் இல்லை, சேற்றோடு கரைந்து போயிருந்தன.

கதை வேண்டும் என்றால் ஒரு நிமிஷ வேலைதான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, யார் வேண்டுமானாலும் வெளியிடலாம்; தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுவதற்காக 1998 பொங்கலுக்கு ஆரம்பித்த மதுரைத் திட்டத்தில் முழு நாவலும் இலவசமாக இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது அந்த வாரத்துத் தாள், மணியத்தின் அந்தப் படம், பக்கத்தில் இருக்கும் தைல விளம்பரம். இதைக் குழுவில் எழுதியபோது கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. ஊரே மூழ்கிக் கிடக்கிற நேரத்தில், எத்தனையோ பதிப்பாளர்களின் குடோனில் ஆயிரக்கணக்கான புத்தகம் ஊறிப்போன நேரத்தில், எனக்கு ஏழு வாரத்துத் தாள் கேட்பதா? ஆனால் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. தமிழ்நாட்டில் எத்தனை வீட்டுப் பரணில் இந்தப் பைண்டிங் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மயிலாப்பூரில் ஒரு அம்மா, திருச்சியில் ஒரு கல்லூரி ஆசிரியர், மலேசியாவின் ஈப்போவில் ஒருவர், இவர் வீட்டில் அந்தக் காலத்தில் கப்பலில் இதழ் வருமாம். அவரவர் பரணில் ஏறி, தூசி தட்டி, இதழ் தேதியைச் சரிபார்த்து, ஸ்கேன் எடுத்து அனுப்பினார்கள். நாலு மாதத்தில் ஏழு வாரமும் சேர்ந்துவிட்டது.

மயிலாப்பூர் அம்மா அனுப்பிய பக்கம் ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்: "பால் பாக்கி 3 ரூ. 6 அணா." அவருடைய அம்மாவின் கையெழுத்தாம். அதை அழித்து அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதே அளவில் ஜெராக்ஸ் எடுத்து, திருவல்லிக்கேணியில் இன்னமும் மைதா பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டுகிற ஒரு பைண்டரிடம் கொடுத்து (துத்தம் போட்டால் பூச்சி அண்டாது) மறுபடி பைண்டிங் செய்தேன். சைதாப்பேட்டையில் தாத்தா சேர்த்த கதைக்கு நடுவில் இப்போது மயிலாப்பூர் வீட்டுப் பால் கணக்கும் இருக்கிறது.

2020 மார்ச்சில் வந்த ஊரடங்கின்போது குழுவில் பன்னிரண்டு பேர் கூகுள் மீட்டில் ஞாயிறு ராத்திரி வாசிப்பு ஆரம்பித்தோம். ஒருவர் சத்தமாக ஒரு சிறுகதை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும், முடிந்ததும் பேச்சு. அவ்வளவுதான் விதி. இப்போதும் நடக்கிறது. கரிசல் கதை ஒன்றில் 'வெஞ்சணம்' என்று வந்தது. நான் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள், அதை ஏதோ பாத்திரம் என்று நினைத்து இத்தனை வருஷம் தாண்டிப் போயிருக்கிறேன். கோவில்பட்டிக்காரர் ஒருவர் மைக்கைப் போட்டு, "சோத்துக்குத் தொட்டுக்கிறது எல்லாம் வெஞ்சணம்தான்க்கா, எங்க ஆச்சி வீட்ல கஷ்டமான நாள்ல சுட்ட மிளகாதான் வெஞ்சணம்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மறுநாள் அந்தக் கதையைத் திரும்பப் படித்தேன். அந்த வீட்டின் பசி இந்த முறைதான் எனக்குள் இறங்கியது.

எங்களுக்குள் சண்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய சண்டை பிடிஎஃப் பற்றி. உயிரோடு இருக்கிற ஒரு எழுத்தாளரின் நாவலை ஒருவர் முழுசாகக் குழுவில் போட்டுவிட்டார். ஆர்வத்தில் செய்ததுதான், ஆனாலும் நான் விடவில்லை. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அல்லது நாட்டுடைமை ஆகியிருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும், இல்லை நூலகத்தில் எடுக்க வேண்டும். தமிழில் நல்ல இலக்கியப் புத்தகம் சில நூறு பிரதிதான் அச்சாகிறது, அதில் பத்துப் பிரதி விற்காமல் போனாலே ஒரு சின்னப் பதிப்பாளருக்கு வலிக்கும். வாங்க முடியாதவர்களுக்கு என்ன வழி என்று கேட்டார்கள், அதுவும் நியாயமான கேள்விதான். அதனால் இப்போது படித்து முடித்த புத்தகத்தை நாங்களே ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொள்கிறோம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறவர்கள், கேட்கிற புத்தகம் அங்கே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள், அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

2023 ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துப் புத்தகக் காட்சியில் முதல்முறை எல்லோரும் சந்திப்பது என்று முடிவு. 1977இல் இருந்து நடக்கிற காட்சி, எனக்குப் பள்ளிக்கூட நாளில் இருந்து தவறாத திருவிழா, ஆனால் எப்போதும் தனியாகத்தான் போவேன். நுழைவுச்சீட்டு வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் கடலைக்காரரிடம் சில்லறை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலை மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் கேட்கிறேன். "நாகர்கோவிலா?" என்றேன். திரும்பிப் பார்த்து, என் குரலை வைத்தே என் பெயரைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

தாம்பரம் சாருக்காகப் பையில் நாலாம் பாகத்தைக் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தையலை விரலால் தடவிப் பார்த்து, மூக்கருகே வைத்து மோந்து, "பூஞ்சை வாசனை சுத்தமா போயிடுச்சு" என்றார். அப்புறம் மயிலாப்பூர் அம்மா வாங்கி, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். ஜெராக்ஸில் பென்சில் கோடு மங்கலாகத்தான் விழுந்திருந்தது. அதன்மேல் விரலை வைத்தபடியே ரொம்ப நேரம் நின்றார். "அந்தப் பாக்கியைக் கடைசியில கொடுத்தாளான்னு தெரியலையேடி" என்றார்.

அடுத்த ஞாயிறு வாசிக்கிற முறை அவருடையது. கதை இன்னும் முடிவாகவில்லை.