விரல் நுனியளவு மருந்து

பாப்பாவுக்கு நான்கு மாதம் இருக்கும்போது இரண்டு கன்னமும் சிவந்து, பொரிந்து, நீர் வடிய ஆரம்பித்தது. அம்மா பார்த்ததுமே "கரப்பான்டா" என்றார். பால் கொடுக்கிறவள் கத்திரிக்காய், கருவாடு எதையும் தொடக்கூடாது என்றார். என் மனைவியின் தட்டில் கடைசியில் ரசமும் மிளகும்தான் மிஞ்சின. பயத்தம்மாவு தேய்த்துக் குளிப்பாட்டினோம். கன்னம் ஆறவில்லை. ஒரு வயதுக்குள் முழங்கை மடிப்பிலும் முட்டிக்குப் பின்னாலும் வந்துவிட்டது.

கரப்பான், அதாவது எக்ஸிமா உள்ள குழந்தை இருக்கிற வீட்டில் ராத்திரிதான் கஷ்டம். கடலூர்ப் புழுக்கத்தில் கரண்ட் போனால் வியர்க்கும், வியர்த்தால் அரிக்கும். இருட்டில் சரக் சரக்கென்று சொறிகிற சத்தம் கேட்கும். லைட் போட்டால் தலையணை உறையில் ரத்தப் புள்ளி. கையைப் பிடித்தால் அழுவாள், விட்டால் சொறிவாள்.

அப்படி ஒரு ராத்திரிக்கு மறுநாள் நானே ஒரு மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கி வந்தேன். மூன்றே நாளில் தோல் வழவழப்பானது. நிறுத்திய ஒரு வாரத்தில் முன்பைவிட மோசமாகத் திரும்பியது. சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆண்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்பு அது. அந்த மாதிரி ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. எனக்கு அது தெரியாது.

அப்புறம்தான் கோரிமேட்டுக்கு, ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விடியற்காலை பஸ், புதுச்சேரியில் இறங்கி இன்னொரு பஸ். வீரியம் குறைந்த ஒரு களிம்பும், உடம்பு முழுக்கப் பூச வாசனையில்லாத மாய்ஸ்சரைசரும் எழுதித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து டியூபைப் பார்த்தால் அதுவும் ஸ்டீராய்டு. பயந்துபோய்க் கடுகளவு தொட்டு வைத்தேன். சிவப்பு அப்படியே இருந்தது.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா டியூபை வாங்கிப் பார்த்தார். ஏறக்குறைய நிறைந்தே இருந்தது. என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடு பிதுக்கினார். "இது அரை கிராம் சார். விரல்களோட சேர்த்து உங்க உள்ளங்கை ரெண்டு அளவு இடத்துக்கு இவ்வளவு வேணும். பயந்து பயந்து கொஞ்சமா போட்டு மாசக்கணக்கா இழுக்கறதைவிட, சரியா போட்டு சீக்கிரம் நிறுத்துங்க."

என் மனைவி சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். இந்தக் குழந்தைகளுக்குத் தோலின் தடுப்பே பலவீனம், ஈரம் வெளியே போய்விடும், சோப்பும் தூசியும் சுலபமாக உள்ளே போகும், நீங்கள் சாப்பிட்டதால் வந்ததில்லை என்றார். சில குழந்தைகளுக்கு உணவு அலர்ஜியும் சேர்ந்திருக்கும், ஆனால் அதைச் சோதிக்காமல் தாயைப் பட்டினி போடக்கூடாது என்றார். அங்கேயே அவள் அழுதுவிட்டாள். எத்தனை மாதமாக அந்தப் பழியைத் தனியாகச் சுமந்திருக்கிறாள்! அன்று ராத்திரி அம்மாவே கருவாடும் கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்து அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அம்மா மேல் எனக்கு அதற்கு முன்பு இருந்த கோபம் அதோடு போனது.

இப்போது மாவும் கிடையாது, வாசனை சோப்பும் கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷத்துக்குள் குளியல். என் பழைய வேட்டித் துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிஷத்துக்குள் மாய்ஸ்சரைசர். தோல் நன்றாக இருக்கிற நாளிலும் இது உண்டு. நான் விட்டுவிடுவது அந்த நாட்களில்தான், நாலு நாளில் தெரிந்துவிடும். ஸ்டீராய்டு சிவந்த இடத்துக்கு மட்டும், டாக்டர் சொன்ன நாள் வரைக்கும். அரிக்கும்போது "சொறியாதே" என்று சொல்லிப் பயனில்லை, ஈரத்துணியை வைத்தால் கொஞ்சம் அடங்குகிறது.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஒரு கேன் நல்ல தண்ணீர் கொண்டுபோகிறோம். அலையில் நின்றதும் உப்பு போகக் கழுவி, அங்கேயே பூசிவிடுவேன்.

பாப்பாவுக்கு இப்போது நாலு வயது. இந்த வாரம் இடது முட்டிக்குப் பின்னால் மறுபடி சிவந்திருக்கிறது. விரல் நுனி அளந்து பூச ஆரம்பித்து இன்று மூன்றாம் நாள். நேற்று ராத்திரி ஒரு தடவைதான் எழுந்தாள், அதுவும் தண்ணீர் கேட்டு.