ஒரு துண்டுக்கு நாலு நாட்டில் நாலு பெயர்

பெங்களூர் சிக்பேட்டையில் கரூர்த் துணி விற்கும் கடைகள் பல இப்போது வெப்சைட் வழியாக வெளிநாட்டுக்கும் அனுப்புகின்றன. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, நைட்டி எல்லாம் போகிறது. அப்படி ஒரு கடைக்கு அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றுக்கும் கீவேர்டு, அதாவது வாங்குபவர் கூகுளில் அடித்துத் தேடும் சொல், தேர்ந்தெடுத்த வேலை எப்படிப் போனது, எங்கே இடறியது என்று எழுதுகிறோம்.

இந்த வேலையில் எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்வது எழுத்துக்கூட்டலைத்தான். கலர் என்ற சொல்லில் அமெரிக்கர்கள் யு போடமாட்டார்கள். சாம்பல் நிறத்துக்கு அவர்கள் நடுவில் ஏ போடுவார்கள், பிரிட்டனில் ஈ. இதற்காகத் தனித்தனிப் பக்கம் போடுவது வீண் வேலை. இந்த ஜோடிகளைக் கூகுள் பெரும்பாலும் ஒரே சொல்லாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கத்தில் ஒரே கூட்டல் இருந்தால் போதும். தலைப்பில் யு இல்லாமலும் விவரத்தில் யு போட்டும் கலந்து எழுதினால் வாங்குபவருக்குக் கடை மேல் நம்பிக்கை குறையும். பக்கத்தின் பின்னணியில் கீவேர்டுகளை எழுதிவைக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் பெட்டியில் இரண்டு கூட்டலையும் அடைத்து வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தேடல் முடிவுகளை வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

நேரத்தைப் போடவேண்டியது சொல்லே மாறுகிற இடங்களில். அதைவிடக் கவனமாக, சொல் மாறாமல் பொருள் மாறுகிற இடங்களில்.

முகம் துடைக்கும் சின்னத் துண்டையே பாருங்கள். நம் கடைகளில் அது ஃபேஸ் டவல். அமெரிக்காவில் வாஷ்கிளாத், பிரிட்டனில் ஃபிளானல், ஆஸ்திரேலியாவில் ஃபேஸ் வாஷர். பிரிட்டனுக்குச் சரி என்று ஃபிளானலைப் பொதுப் பக்கத்தில் போட்டால், அமெரிக்கர் அதைக் குளிர்காலச் சட்டைத் துணி என்று படிப்பார். கட்டில் இன்னும் சிக்கல். நாம் சர்வசாதாரணமாக ‘சிங்கிள் காட் பெட்ஷீட்’ என்று எழுதுகிறோம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் காட் என்றால் குழந்தையின் தொட்டில் கட்டில். அமெரிக்காவில் அதுவே மடக்கி எடுத்துப்போகும் முகாம் கட்டில், தொட்டில் கட்டிலுக்கு அங்கே கிரிப் என்று பெயர். ஆக, பெரியவர் கட்டிலுக்கான விரிப்பு பச்சைக்குழந்தைச் சாமான் தேடுபவர் கண்ணில் போய் நிற்கும். அவர் படத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிடுவார்.

மெட்ராஸ் என்ற சொல்லும் அப்படித்தான். அமெரிக்காவில் கட்டம் போட்ட பருத்தித் துணிக்கே அதுதான் பெயர், மெட்ராஸ் பிளெய்ட் என்று தேடுகிறார்கள். பிரிட்டனில் மெட்ராஸ் என்றால் காரமான கறி. அங்கே ‘காட்டன்’ என்ற சொல்லைச் சேர்க்காமல் தலைப்பு வைக்கக்கூடாது. ஆஸ்திரேலியாவில் வீட்டுத் துணி மொத்தத்துக்கும் மான்செஸ்டர் என்று பெயர். தெரியாதவர்கள் அதை ஊர்ப்பெயர் என்று நினைத்துப் பட்டியலிலிருந்து அழித்துவிடுகிறார்கள்.

வேலையைத் தொடங்கவேண்டிய இடம் சர்ச் கன்சோல். நம் தளம் எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை கிளிக் விழுந்தது என்று சொல்லும் கூகுள் கருவி அது. பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 16 மாதக் கணக்கு இருக்கும். நாடு வாரியாக வடிகட்டி, பலமுறை காட்டப்பட்டும் கிளிக் விழாத சொற்களைத் தனியே எடுங்கள். பொருள் மாறிய சொற்கள் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். காட் அப்படிச் சிக்கியதுதான்.

அடுத்து, ஒரு சொல்லைத் தேடும் ஆர்வம் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ். ஒரே நேரத்தில் பல சொற்களை ஒப்பிடலாம். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: பெட்டியில் சொல்லை அடித்ததும் கீழே ‘டாபிக்’ என்று ஒன்றும் ‘சர்ச் டெர்ம்’ என்று ஒன்றும் வரும். டாபிக்கைத் தொட்டால் எல்லாக் கூட்டல்களும் சேர்ந்துவிடும், ஒப்பிடுவதற்கே அர்த்தம் இருக்காது. சர்ச் டெர்மைத்தான் எடுக்கவேண்டும். அது காட்டும் 0 முதல் 100 வரையான எண், தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. அந்தக் காலத்துக்குள் உச்சத்தை 100 என்று வைத்துப் போட்ட விகிதம்.

தேடல் எண்ணிக்கைக்கு, கூகுள் விளம்பரக் கணக்கில் இருக்கும் கீவேர்டு பிளானர். விளம்பரம் ஓடாத கணக்கில் 1,000 முதல் 10,000 வரை என்பதுபோல் அகலமாகத்தான் காட்டும். நெருங்கிய எழுத்துக்கூட்டல்களை அது சேர்த்தே எண்ணுவதால் இரண்டுக்கும் ஒரே எண் வரும். இரண்டையும் கூட்டிப் போட்டால் சந்தை இருமடங்காகத் தெரிந்து ஏமாறுவோம். இடத்தை அந்தந்த நாட்டுக்கு மாற்றினீர்களா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

கடைசிச் சோதனைதான் எங்களுக்கு அதிகம் உதவியது. அமேசானின் அமெரிக்க, பிரிட்டன், ஆஸ்திரேலியத் தளங்களைத் தனித்தனியே திறந்து, சொல்லை அடித்து, முதல் வரிசைப் படங்களைப் பார்ப்பது. நம் பொருள் அந்த வரிசையில் இல்லை என்றால், எண்ணிக்கை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்தச் சொல் வேண்டாம்.

சொல்லோடு அளவும் மாறுகிறது. பிரிட்டனின் கிங் மெத்தை 150×200 செ.மீ., அமெரிக்காவில் கிட்டத்தட்ட அதே அளவுக்கு க்வீன் என்று பெயர், 152×203. அமெரிக்க கிங் 193×203. ‘கிங் சைஸ்’ என்று மட்டும் தலைப்பு வைத்தால் துணி திரும்பி வரும், கப்பல் செலவு நம் தலையில். எல்லாத் தலைப்பிலும் சென்டிமீட்டரோ அங்குலமோ கட்டாயம் இருக்கட்டும். அமெரிக்காவில் சிங்கிளுக்கு ட்வின் என்பார்கள்.

சொல் மாறும் பொருட்களுக்கு மட்டும் நாட்டுக்கொரு பக்கம் போட்டு, எந்தப் பக்கம் எந்த மொழிக்கு, எந்த நாட்டுக்கு என்று கூகுளுக்குச் சொல்லும் எச்ரெஃப்லாங் குறியால் இணைக்கவேண்டும். பிரிட்டனுக்கு இஎன்-ஜிபி: இஎன் ஆங்கிலம், ஜிபி நாடு. பலர் ஜிபி-க்குப் பதில் யுகே என்று எழுதுகிறார்கள், அது அந்த நாட்டின் குறியீடே அல்ல. தனியாக எழுதினால் யுகே என்பது உக்ரைனிய மொழியின் குறி. ஒவ்வொரு பக்கமும் தன்னையும் மற்ற எல்லாப் பக்கங்களையும் சுட்டவேண்டும். ஒரு பக்கம் திருப்பிச் சுட்டாவிட்டால் அந்த இணைப்பைக் கூகுள் கண்டுகொள்ளாது. மற்ற நாட்டினருக்கு எக்ஸ்-டிஃபால்ட் ஒன்று.

கனடாவை அமெரிக்கப் பக்கத்தோடு சேர்த்துவிடுவது வழக்கம். கூட்டல் அங்கே பெரும்பாலும் பிரிட்டன் மாதிரி, கலரில் யு உண்டு. தொட்டில் கட்டிலுக்கோ அமெரிக்கர் மாதிரி கிரிப். ஆர்டர் வருகிறதென்றால் அதற்குத் தனிப் பக்கம் தகும்.

உள்ளூர்ப் பக்கத்துக்கும் இதே கவனம் வேண்டும். 2014 நவம்பர் 1 முதல் அரசு ஏட்டில் ஊர் பெங்களூரு. தேடுபவர்கள் பழைய பேங்களூரையும் இன்னும் அடிக்கிறார்கள். ஊருக்குள் ஒரே பகுதிக்கு வழங்கும் அல்சூர், ஹலசூரு என்ற பெயர்களின் கதையும் அதேதான். சர்ச் கன்சோலில் எது கூடுதலோ அது தலைப்பில், மற்றது முகவரி வரியில். சிக்பேட்டையைக் கடைசியில் ஈ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்கள், அதைக் கூகுளே சமாளித்துக்கொள்ளும். நைட்டியையும் இங்கேயே சரிபார்த்துவிடுங்கள்: நம் ஊரில் கடைசியில் ஒய், பிரிட்டனில் ஐஈ, அமெரிக்காவில் நைட்கவுன்.

மாற்றியதும் தேதியைக் குறித்துவையுங்கள். மூன்று மாதம் விட்டு, அதே நாட்டு வடிகட்டியில் தேதிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள். காட்டப்படும் எண்ணிக்கை குறைந்து கிளிக் கூடியிருந்தால் பதறவேண்டாம், பொருள் மாறிய சொல் கழிந்திருக்கிறது.