ஆர்பிசி வந்தாச்சு, ஏக்கருக்கு எவ்வளவு கேட்பது?

போன வாரம் ஆர்பிசி, அதாவது ட்ரோன் ஓட்டுவதற்கான ரிமோட் பைலட் சான்றிதழ், கைக்கு வந்துவிட்டது. இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. ஸ்மால் ரோட்டார்கிராஃப்ட் வகை, அதாவது 25 கிலோ வரையுள்ள, சுழலும் இறக்கை வைத்த ட்ரோன். வயலில் மருந்தடிக்கும் 10 லிட்டர் ட்ரோன்களில் பெரும்பாலானவை டேங்க் நிரம்பினாலும் 25 கிலோவைத் தாண்டாத மாதிரிதான் வருகின்றன என்பதால் எனக்கு இது போதும்.

அடுத்த பேட்ச்சில் சேரப்போகிறவர்கள் "எப்படிப் படிச்சீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். ஒருவர்கூட "பாஸ் பண்ணிட்டு என்ன ரேட் போடுவீங்க?" என்று கேட்கவில்லை. பயிற்சிக்குப் பணம் கட்டியதே தொழில் செய்யத்தானே! நான் சேர்ந்த இடத்தில் சேர்க்கையின்போது மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்கலாம் என்றார்கள். எந்த மாதம் என்று சொல்லவில்லை. டெல்டாவில் மருந்தடிக்கிற மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தியரி, சிமுலேட்டர், பறக்கவிடுவது என்ற வரிசை உங்களுக்கே தெரியும். தியரியில் 2021 ட்ரோன் விதிகளின் எண்களை மாற்றிப்போட்டுக் குழப்புவார்கள். ட்ரோனின் எடை வகைகள் பிரியும் எல்லைகள் 250 கிராம், 2 கிலோ, 25 கிலோ, 150 கிலோ. முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் உயரம் 400 அடி வரை, விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி. இதைப் படம் வரைந்து படியுங்கள், மனப்பாடம் நிற்காது. பறக்கவிடும்போது ஜிபிஎஸ் இல்லாமல் எட்டு போடுவதுதான் எல்லாருக்கும் பயம். ட்ரோனின் மூக்கு நம்மைப் பார்க்கிற அந்த அரைவட்டத்தில் இடது வலது புரண்டுவிடும். மற்றவர்கள் கும்பலாக நின்று பார்த்தால் எனக்குக் கை ஓடாது, அதனால் விடியற்காலையில் முதல் ஆளாகப் போய்விடுவேன். காற்றும் இருக்காது, வேடிக்கை பார்க்க ஆளும் இருக்காது. கூட்டத்தில்தான் உற்சாகம் வரும் என்பவர்களுக்கு என் வழி சரிப்படாது.

இனி நான் சொல்ல வந்தது. பாடத்திட்டத்தில் மற்ற எதை மேலோட்டமாகப் படித்தாலும் பேட்டரி பாடத்தை மட்டும் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு படியுங்கள். விலை நிர்ணயம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், பயன்படுத்தாமல் எடுத்து வைக்கும்போது 3.8 வாக்கில், ரொம்ப வடியவிட்டால் உப்பிவிடும். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் சேர்வதற்கு முந்தைய சம்பா முழுக்க ஒரு அண்ணனின் ட்ரோனுக்குக் கோ-பைலட்டாக அலைந்ததில் நான் பார்த்தது வேறு. 10 லிட்டர் டேங்க் ஒரு தடவை ஏறி இறங்கினால் ஏறக்குறைய ஒரு ஏக்கர் முடியும், பேட்டரி செட்டும் முடியும். ஆக, ஒரு ஏக்கர் என்றால் ஒரு சார்ஜ். அவர் வாங்கிய செட் 48 ஆயிரம். 300 சார்ஜ் உழைக்கும் என்று வைத்தால் ஏக்கருக்கு 160 ரூபாய் பேட்டரிக்கே போகிறது. இந்த 160 யார் கண்ணிலும் படாது. பெட்ரோல் போட்டால் பர்ஸ் காலியாவது தெரியும், பேட்டரி தேய்வது அடுத்த வருஷம் ஒரே நாளில்தான் தெரியும். 30 சதவீதம் மிச்சமிருக்கும்போதே இறக்கி, சூடு ஆறவிட்டு, அப்புறம் சார்ஜ் போட்டால் 400 வரை இழுக்கலாம். அப்போது 120. ஏக்கருக்கு நாற்பது ரூபாய் மிச்சம், வெறும் பொறுமைக்கு.

ஒரு நாளைக்கு 20 ஏக்கர் என்று வைத்து நான் போட்ட கணக்கு, ஏக்கருக்கு:

பேட்டரி தேய்மானம் 160
உதவியாள் கூலி 40
ஜெனரேட்டர், வண்டி பெட்ரோல் 50
ட்ரோன் தேய்மானம் 100 (5 லட்சம், 5,000 ஏக்கர் உழைக்கும் என்று வைத்து)
நாசில், இறக்கை, மோட்டார், இன்சூரன்ஸ் 40

கூட்டினால் 390. இதில் பைலட் சம்பளம் இல்லை. பக்கத்து ஊர்களில் 400-க்கு அடிக்கிறார்கள். பத்து ரூபாய்க்கு வெயிலில் நிற்கிறார்கள் என்று அர்த்தம், அல்லது அடுத்த வருஷம் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். மானியம் கிடைத்தவர்கள் ட்ரோன் தேய்மானத்தைக் குறைத்துக்கொள்ளலாம்தான். சிறு குறு விவசாயி, பெண்கள், எஸ்சி, எஸ்டி என்றால் பாதி விலை, அதிகபட்சம் 5 லட்சம் என்று மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் பேட்டரி செத்தால் மாற்றுவது நம் காசில். நான் 600 வைத்திருக்கிறேன். ஒரே இடத்தில் ஐந்து ஏக்கருக்கு மேல் தொடர்ந்தாற்போல் இருந்தால் 550. அதற்குக் கீழே இறங்குவதில்லை.

"ஏன் பாப்பா, மாவுக்கு எவ்வளவு வாங்குற?" என்றுதான் முதல் கேள்வி வரும். மூன்று மா ஒரு ஏக்கர், எனவே மாவுக்கு 200 என்று சொல்லிவிடலாம், கேட்கவும் சுலபம். ஆனால் எத்தனை மா என்பதை அவர் வாயால் முடிவுசெய்ய விடாதீர்கள். வரப்போரம் நடந்து மூலைக்கு மூலை ரிமோட்டில் புள்ளி குறித்தால் திரையிலேயே பரப்பளவு வந்துவிடும். அதை அவரிடம் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகுதான் மருந்து கலக்க வேண்டும். பட்டாக் கணக்கில் எட்டு மா வரும், திரையில் ஏழரை வரும். சில இடத்தில் தலைகீழாகவும் வரும். குறைவாக வந்தால் குறைத்தே வாங்குங்கள், அடுத்த வயல்காரர் அங்கேதான் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

சேவை என்று எதை எழுதுவது? இலைச்சுருட்டுப்புழு, குலைநோய், நுண்ணூட்டம், நானோ யூரியா எல்லாம் எடுத்துக்கொள்கிறேன். புகையானுக்குக் கூப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பூச்சி தூரடியில் உட்கார்ந்திருக்கும், மேலிருந்து விழும் பொடித்துளி நெருங்கிய பயிரில் அதுவரை சரியாக இறங்காது. கைத்தெளிப்பான்காரர் தூரைப் பார்த்து அடிப்பதே மேல். களைக்கொல்லி, அதுவும் 2,4-டி, பக்கத்தில் பருத்தியோ உளுந்தோ இருந்தால் என்ன பணம் கொடுத்தாலும் கிடையாது. காற்றில் கொஞ்சம் போனாலே பருத்தி இலை சுருண்டுவிடும், நஷ்டஈடு நம் வீட்டு வாசலுக்கு வரும்.

இன்னொன்று கலவை. கைத்தெளிப்பில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் போகிற மருந்து இங்கே 10 லிட்டரில் போகிறது, அளவு அதே. தூள் மருந்தாக இருந்தால் அடியில் சேறு மாதிரி படியும். நாசில் அடைத்தால் ஒரு பக்கம் தெளிக்காமலே ட்ரோன் சமர்த்தாக வரிசை போட்டுக்கொண்டு போகும். கீழே நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, பத்து நாள் கழித்துப் பட்டைப் பட்டையாகப் புழு விழுந்த வயல்தான் சொல்லும். அதனால் இரண்டு மருந்தைச் சேர்த்து அடிக்கச் சொன்னால் முதலில் ஒரு பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து கொஞ்ச நேரம் வைத்துப் பார்ப்பேன். தயிர் மாதிரி திரிந்தால் சேர்த்து அடிப்பதில்லை. தனித்தனியாக அடித்தால் இரண்டு தடவை பறப்பு, இரண்டு சார்ஜ், இரண்டு கூலி. பாட்டிலைக் காட்டினால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

ரேட் கார்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை:

குறைந்தபட்சக் கட்டணம். நான் மூன்று ஏக்கர் காசு வைத்திருக்கிறேன். ஒரு மாவுக்காக ஜெனரேட்டரை இறக்க முடியாது, வேண்டுமானால் நாலு பேர் சேர்ந்து கூப்பிடட்டும்.
மருந்து விவசாயியுடையது, அளவு சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்து.
காற்று, மழையால் திரும்பினால் உள்ளூரில் இலவசம், வெளியூர் என்றால் பெட்ரோல் மட்டும்.
மார்கழியில் பனி காய்ந்த பிறகே பறப்பு. ஈர இலையில் அடித்தால் மருந்து வழிந்துவிடும்.
திடீர்த் தடை. பெரிய தலைவர் யாராவது வந்தால் அந்த வட்டாரத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக (அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாத பகுதியாக) 96 மணி நேரம் வரை அறிவிக்கலாம். அன்றைய ட்ரோன் மண்டல வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள், முன்பணமும் வாங்காதீர்கள்.

ஜிஎஸ்டி பற்றிப் பயமுறுத்துவார்கள். பயிர்ப் பாதுகாப்புக்காக வயலில் செய்கிற வேலைக்கு வரிவிலக்கு உண்டு. நில அளவை, படம்பிடிப்பு என்று போனால்தான் 18 சதவீதம், அதுவும் வருட வரவு 20 லட்சம் தாண்டினால். இரண்டுக்கும் பில் புத்தகம் தனியாக வையுங்கள்.

கல்யாண வீடியோவுக்குப் போகலாமே என்று வீட்டிலேயே சொல்கிறார்கள். ஒரு நாள் வேலை, கை நிறையக் காசு, உண்மைதான். ஜனக்கூட்டத்தின் தலைக்கு மேலே பறக்கவிட எனக்குத் தைரியம் இல்லை, மண்டபத்துக்காரர்களோடு மல்லுக்கட்டவும் முடியாது. தவிர, 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்த பிறகும் கைக்குக் கை மாறும் கேமரா ட்ரோனுக்கு யுஐஎன் (ட்ரோனின் பதிவு எண்) இருக்கிறதா என்று பாருங்கள். விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் வரை போகும். கூட்டம் பிடிக்கும் என்பவர்கள் தாராளமாகப் போங்கள்.

பயிற்சியில் சேரும் முன் கேட்க வேண்டியவை: தேர்வன்று பறக்கவிடப்போவது பழகிய அதே ட்ரோன்தானா? மறுதேர்வுக்குத் தனிக் கட்டணமா? டேங்கில் தண்ணீர் நிரப்பிப் பறக்க விடுவார்களா? காலி டேங்கில் பழகிய கை, பத்து லிட்டர் தண்ணீர் உள்ளே அலையடிக்கும்போது தடுமாறும். பேட்டரியை நம் கையால் சார்ஜ் போட விடுவார்களா? எங்கள் பேட்ச்சில் சார்ஜரைத் தொடவே விடவில்லை. அங்கே எடுபிடியாக இருந்த தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.