எடை குறைந்தது, முகம் தளர்ந்தது: தோல் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்த கதை

நீரிழிவும் ஈரலில் கொழுப்பும் ஒன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டதால், வைத்தியர் சொன்னபடி சோற்றைக் குறைத்து, நடையைக் கூட்டி, ஒரு வருடம் முடிவதற்குள் இருபது கிலோவுக்கு மேல் எடையை இறக்கினேன். அந்தப் பகுதியைப் பற்றி எழுத அதிகமில்லை; சீனியின் அளவு இறங்கியது, முழங்கால் வலி விட்டது. எழுத வேண்டியவை எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவைதான்.

கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்து, தாடைக்கு அடியில் தோல் மடிந்து தொங்க ஆரம்பித்தது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் மேற்கையின் உட்புறத் தோல் தனியாக ஆடுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன டீச்சர் வருத்தம்? மஹரகமவுக்குக் காட்டினீங்களா?" என்று கண்கலங்கக் கேட்டார். மஹரகமவில் இருப்பது புற்றுநோய் வைத்தியசாலை என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். நலமடைந்து வந்த என்னை ஊரே நோயாளியாகப் பார்த்தது பெரிய வேதனையாக இருந்தது.

நகரத்தில் உள்ள ஓர் அழகுக்கலை நிலையத்தில் தோலை இறுக்கும் சிகிச்சை செய்கிறார்கள் என்று உடன் வேலை செய்யும் ஆசிரியை சொன்னார். அங்கே வைத்தியர் என்று யாரும் இல்லை. "முழு பெக்கேஜும் எடுத்தீங்கன்னா முகம் பழையபடி வந்துரும் மிஸ்" என்று உறுதி கூறி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கன்னத்தில் ஒரு கருவியை வைத்துச் சூடு கொடுத்தார்கள். இரவில் பூசுவதற்கு ஒரு க்ரீமும் தந்தார்கள். அது வெள்ளை நிறப் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. பெயரோ, உட்பொருள்களோ, தயாரித்த இடமோ, காலாவதித் திகதியோ எதுவும் அதில் இருக்கவில்லை. முதலில் சில வாரங்கள் முகம் பளபளத்தது. பிறகு கன்னம் சிவந்து, மெல்லிய இரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, சிறு பருக்கள் கிளம்பி, பாடசாலை மைதானத்தில் நின்றாலே முகம் எரியத் தொடங்கியது. அவர்களிடம் காட்டியபோது, "உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது மிஸ், விடாம பூசுங்க" என்றார்கள். இந்த வாசகத்தை யாராவது உங்களிடம் சொன்னால் அந்த இடத்தை விட்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

அரசாங்க வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போகலாம் என்று தீர்மானித்தேன். வெளிநோயாளர் பிரிவில் கடிதம் வாங்கி, விடியற்காலை பஸ்ஸில் ஏறி, பனிமூட்டத்தில் வரிசையில் நின்று, கவுண்டரை அடைந்தபோது, அன்று கிளினிக் இல்லை, நிபுணர் விடுமுறையில் இருக்கிறார் என்றார் எழுதுவினைஞர். அறிவித்தல் உண்டுதான், ஆனால் அது உள்ளே, கதவுக்குப் பின்னால், சிங்களத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. என்னோடு நின்ற தோட்டத்து மனிதர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்தவர்கள். அடுத்த முறை போனபோது நிபுணர் இருந்தார், ஆனால் நீரிழிவு கிளினிக் புத்தகம் இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று அதே மனிதர் கடிதத்தைத் திருப்பித் தள்ளினார். முதல் முறையே இதைச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும்? வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த தாதி ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையே போதுமென்று ஏற்று உள்ளே அனுப்பிவைத்தார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

ஆகவே போகிறவர்கள் முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த ஊரில் தெரிந்தவர் மூலமாவது விசாரியுங்கள். அடையாள அட்டை, கடிதம், மற்ற கிளினிக் புத்தகங்கள், அண்மைய இரத்த அறிக்கைகள், குடிக்கும் மருந்துகளின் பெயர்கள், மெலிவதற்கு முன் எடுத்த ஒரு புகைப்படம், எல்லாவற்றுக்கும் மேலாக இதுவரை பூசிய அத்தனை டப்பாக்களும் டியூப்களும் கையில் இருக்க வேண்டும்.

நிபுணர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்த வெள்ளை டப்பாவைத்தான் கையில் எடுத்தார். ஆய்வுகூடத்தில் சோதிக்காமல் உள்ளே இருப்பதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றும், என் கன்னத்தில் தெரியும் அடையாளங்கள், அழற்சியை அடக்கும் மருந்தான ஸ்டெரொய்ட் கலந்த பூச்சினுடையவை என்றும் சொன்னார். வீரியமான ஸ்டெரொய்ட்டை முகத்தில் தொடர்ந்து பூசினால், தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் உற்பத்தி குறைந்து தோல் மெலியும். தளர்ந்த தோலை இறுக்குவதற்கென்று பணம் வாங்கிக்கொண்டு, அதை இன்னும் மெலிய வைக்கும் பொருளைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. பெயரில்லாத க்ரீம்களில் பாதரசமும் இருக்கலாம், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று சொல்லி, சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றும் எழுதித் தந்தார். நல்லவேளையாக அது சரியாக இருந்தது. இத்தகைய பூச்சைத் திடீரென்று நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் கூடலாம் என்பதால், நிறுத்தும் முறையையும் அவரே வகுத்துக் கொடுத்தார்.

தோல் ஏன் தொங்குகிறது என்பதையும் பொறுமையாக விளக்கினார். முகத்தின் கொழுப்புத்தான் தோலை உள்ளிருந்து தாங்கி நிற்கிறது. அது வேகமாகக் கரையும்போது, பல வருடங்கள் இழுபட்டிருந்த தோலால் அதே வேகத்தில் சுருங்கிக்கொள்ள முடிவதில்லை. வயதோடு கொலாஜனும், தோலுக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டினும் குறைந்திருந்தால் இன்னும் கடினம். பூச்சுகளால் மெல்லிய சுருக்கங்களும் தோலின் தரமும் ஓரளவு சீராகலாம். மிஞ்சித் தொங்கும் தோலை எந்தப் பூச்சும் அகற்றாது. எடை குறைந்த சில மாதங்களில் கொட்டிய முடி பெரும்பாலும் தானே வளரும் என்றார். அதற்கும் ஒரு எண்ணெயை விற்கத்தான் அந்த நிலையத்தில் பார்த்தார்கள்.

எல்லாவற்றையும் விட அவர் அழுத்திச் சொன்னது வெயிலைப் பற்றி. குளிரும் மூடுபனியும் உள்ள ஊரில் வெயிலுக்குப் பூசுவது எதற்கு என்று இங்கே பலரும் நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர்களின் வலிமை ஏறக்குறைய 10 வீதம் கூடுகிறது. நுவரெலியா நகரமோ 1800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. மேகம் மூடியிருந்தாலும் கதிர்களில் பெரும் பகுதி ஊடுருவி வந்துவிடும். கொலாஜனைச் சிதைப்பதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. இதைக் கேட்டபோது என் அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. காலமெல்லாம் கொழுந்து பறித்த அவருடைய நெற்றியில், தலைத்துணி மறைத்திருந்த மேற்பகுதி இன்றும் வழவழப்பாக இருக்கிறது. துணிக்குக் கீழே கன்னமெல்லாம் வரிவரியாகச் சுருங்கியிருக்கிறது. ஒரே முகம், ஒரே வயது.

எஸ்.பி.எஃப் எனும் வெயில் காப்பு அளவு 30க்குக் குறையாத, தோலுக்குள் ஆழமாக ஊடுருவும் யூ.வி.ஏ எனும் புற ஊதாக் கதிர்களையும் தடுக்கும் சன் க்ரீமை, இரண்டு விரல்களின் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். வெளியில் நிற்கும் நாட்களில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். விலை அதிகம்தான். கை வைத்த ஆடையும் குடையும் அகலமான தொப்பியும் அந்தச் செலவைக் குறைக்கும்.

சிவப்பு முழுவதும் அடங்கிய பிறகுதான், சுருக்கங்களுக்குப் பூசும் விற்றமின் ஏ வகை மருந்தான ட்ரெடினோயின் 0.025 வீதம் எழுதித் தந்தார். இங்கேதான் பாமசியில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. மருந்துத் துண்டைப் பார்த்த இளைஞர், "அது முடிஞ்சிருச்சி மிஸ், இதுவும் அதே சாமான்தான்" என்று வேறொரு டியூபை நீட்டினார். பெட்டியைத் திருப்பிச் சிறிய எழுத்துகளை வாசித்தேன். ட்ரெடினோயினோடு, தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோனும் ஒரு ஸ்டெரொய்ட்டும் அதில் கலந்திருந்தன. எதிலிருந்து தப்பி வந்தேனோ அதையே மறுபடியும் கையில் வைத்தார்கள். வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, சரியானது கிடைக்கும் வரை காத்திருந்தேன். அந்த மாலையில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

ட்ரெடினோயினை ஒரு பட்டாணி அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது. முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, முதலில் இரண்டு மூன்று இரவுகளுக்கு ஒரு முறை மட்டும் பூசி, தோல் பழகியபின் மெல்லக் கூட்ட வேண்டும். தொடக்கத்தில் தோல் உரியும். தை, மாசியில் வீசும் வறண்ட குளிர்காற்றில் எனக்கு உதட்டோரம் வெடித்தே விட்டது. மேலே வாசனையற்ற மொய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசித்தான் சமாளித்தேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் முகம் கழுவும் நம் வழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். நெற்றியிலும் கண்ணோரத்திலும் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

யாரும் வெட்கத்தால் பேசாத ஒரு விடயம் தோல் மடிப்புகளில் வரும் புண். மழைக்காலத்தில் துணி நாட்கணக்கில் காயாத நம் ஊர்களில், அரை ஈரத்தோடு உள்ளாடை அணிந்தால் வயிற்று மடிப்பிலும் மார்புக்குக் கீழும் பூஞ்சைத் தொற்று பிடித்துக்கொள்ளும். நீரிழிவு உள்ளவர்களுக்கு எளிதில் வரும். மடிப்புகளைத் துடைத்து உலர வைத்து, உள்ளாடைகளை இஸ்திரி போட்டு அணியுங்கள். சிவந்து அரித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள், நீங்களாக எதையும் பூசாதீர்கள்.

உணவு விடயத்தில், சிறுநீரக அறிக்கை சரியாக இருந்ததால், ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம் அளவில் புரதம் எடுக்கச் சொன்னார்கள். முட்டை ஒன்றில் ஆறு கிராம்தான் இருக்கிறது என்பதால், பருப்பு, கௌபி, நெத்தலி, சோயா என்று திட்டமிட்டே சாப்பிட வேண்டியிருக்கிறது. தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிச் செய்யும் பயிற்சியால் கையில் தசை கூடி, ஆட்டம் சற்றுக் குறைந்தது. கொலாஜன் பவுடரில் பணத்தைப் போடாதீர்கள். குடிக்கும் கொலாஜன் வயிற்றில் செரிமானமாகிச் சிதைந்துவிடும், நேராகக் கன்னத்துக்குப் போய்ச் சேராது.

கன்னத்துப் பள்ளத்தை நிரப்பும் ஊசி, அறுவைச் சிகிச்சை பற்றியும் நிபுணரிடம் கேட்டேன். எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும், அதற்கு முன் எதையும் செய்யக் கூடாது என்றார். ரேடியோ அலையாலோ அல்ட்ராசவுண்டாலோ தோலுக்குச் சூடு கொடுக்கும் கருவிகள் இலேசான தளர்வுக்கு மட்டும் ஓரளவு உதவும். அறுவைச் சிகிச்சை தோலை அகற்றும், தழும்பை விட்டுவிடும். யார் செய்வதென்றாலும் அவருடைய பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டே உடன்படுங்கள்.

அழகுக்கலை நிலையத்தில் மிச்சப் பணத்தைக் கேட்டபோது முதலில் மறுத்தார்கள். பணம் செலுத்திய சீட்டையும் டப்பாவின் புகைப்படத்தையும் காட்டி, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப் போகிறேன் என்றதும் செய்யாத அமர்வுகளுக்குரிய தொகை கைக்கு வந்தது. சீட்டு இல்லாமல் எங்கேயும் பணம் கட்டாதீர்கள்.

இப்போது என் தங்கை, "அக்கா, எனக்கும் அந்த டியூப் ஒன்னு எடுத்து அனுப்புங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் குழந்தைக்காகக் காத்திருப்பவள். கருத்தரிக்க எண்ணுகிறவர்களும் கர்ப்பிணிகளும் ட்ரெடினோயினைப் பூசக் கூடாது. அவளுக்குச் சன் க்ரீம் மட்டும் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.