வில்லங்கம் இல்லை

தக்கலையில் ஆதாரம் எழுதும் ஒருவரிடம் உதவியாளாக இருக்கிறேன். பத்திரத்தை எங்கள் பக்கம் ஆதாரம் என்றுதான் சொல்வோம். ‘நில் ஈசி வந்துட்டா?’ என்பது தினமும் காதில் விழும் கேள்வி. ஈசி என்பது வில்லங்கச் சான்று; ஒரு சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாம் அதில் வரும். பதிவு எதுவும் இல்லை என்று வந்தால் அதுதான் நில்.

சேர்ந்த புதிதில், நில் வந்தால் எழுத ஆரம்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது ஒரு பெரியவர், மகளுக்காக 7 சென்ட் வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். 30 வருட ஈசி. ஒரு பதிவும் இல்லை. நான் ஆதாரத்தின் வரைவைப் பாதி அடித்துவிட்டேன். முதலாளி வந்து சர்வே எண்ணில் விரலை வைத்தார். விண்ணப்பத்தில் ரீசர்வே எண், அதாவது நிலத்தை மறுபடி அளந்தபோது கொடுத்த புது எண் மட்டும்தான் இருந்தது. முன் ஆதாரத்தில் இருந்த பழைய எண்ணைப் போட்டுத் தேடினால், ஓர் ஒற்றி! நிலத்தையே கைமாற்றிக் கொடுத்து வாங்கிய அடமானம். மீட்டதற்குப் பதிவு இல்லை.

“மக்களே, இதுல இல்லண்ணுதானே போட்டிருக்கு?” பெரியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு நா எழவில்லை. விண்ணப்பம் எழுதியது நான்.

அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. கேட்ட எண்ணில், கேட்ட வருடங்களுக்குள், பதிவானது எதுவும் இல்லை. அவ்வளவுதான் அதன் பொருள். வாய்ப்பேச்சில் விட்ட குத்தகை அதில் வராது. பதிவு ஆபீசில் தனியாக 3-ஆம் புத்தகத்தில் ஏறும் உயிலும் பொதுவாக வராது.

நில் போலவே, கேட்பவர் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய இன்னொரு சொல் ‘செல்லாது’. மைனர் தானே போட்ட ஒப்பந்தம் தொடக்கம் முதலே இல்லாததுதான். வெள்ளைக்காரர் காலத்தில் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த பிரிவி கவுன்சில் 1903-இல் சொன்னது. ஆனால் மைனரின் சொத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் அப்பா விற்றால், 1956-ஆம் வருட இந்து மைனர், கார்டியன் சட்டப்படி, அந்தப் பிள்ளை கேட்டால்தான் அது செல்லாமல் போகும். அதுவரை ஆதாரம் நிற்கும். இரண்டையும் ‘செல்லாது’ என்று ஒரே வீச்சில் சொல்லிவிடுவது எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது. சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் அதை நம்பித்தான் பணம் எண்ணுகிறார்.

விற்கிறவர் ஒற்றியை மீட்டு, அதைப் பதிந்து கொடுக்க இரண்டு மாதம் ஆயிற்று. சரி என்று, இந்தத் தடவை இரண்டு எண்ணையும் போட்டு ஈசி எடுத்தேன். நில் வரவில்லை. ஒற்றி ஒரு வரி, மீட்பு ஒரு வரி. மகள் வாசிக்க, பெரியவர் இரண்டு வரியிலும் விரலை வைத்துக்கொண்டே கேட்டார்.