ஹற்றனிலிருந்து அப்புத்தளைக்கு: ஒரு சைக்கிள் நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 17, சனி. ஹற்றன்

நாளை காலை வெளிக்கிடுகிறோம். மகளுக்கு வயது பதின்மூன்று, மகனுக்குப் பத்து. இலங்கை மலையகத்தில் தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை. திரும்பி வருவது ரயிலில்.

கொக்குவிலில் பிறந்த எனக்குச் சைக்கிள் நடைபழகின காலத்திலிருந்து கூட வருகிற சாமான். என் கணவருக்கு அப்படியில்லை. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர், லயம் என்கிற வரிசை வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் படியும் சரிவும்தான், சைக்கிளை எங்கே ஓட்டுவது? 2022இல் பெற்றோல் வரிசை ஊரைச் சுற்றி நின்றபோதுதான் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பழகினார். பிறகு பிள்ளைகளுக்கும் வந்தது.

வெளியே மழை விட்ட பாடில்லை. தென்மேல் பருவக்காற்று, ஆகஸ்ட். "அடுத்த பக்கம் காஞ்சு கெடக்கும், பாரு" என்கிறார். வெலிமடை, அப்புத்தளை இருக்கிற ஊவாப் பக்கத்தைச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. தலவாக்கலை

கொட்டகலை வரை தூறல், பிறகு கொட்டியது. மழைச்சட்டைக்குள் வேர்வை, வெளியே மழை; எது எதென்று தெரியவில்லை. மதில் எல்லாம் ஜனாதிபதித் தேர்தல் சுவரொட்டிகள், நனைந்து பாதி உரிந்து.

சென் கிளயர் அருவி நல்ல நிறைவாக விழுந்தது. 2012இல் மேல் கொத்மலைத் திட்டம் வந்த பிறகு ஆற்றுத் தண்ணீர் சுரங்கத்துக்குள் போய் 150 மெகாவாட் மின்சாரமாகிறது. அருவிக்கு விடுவதுதான் மிச்சம். இன்று மழையின் புண்ணியம்.

இவருடைய சித்தப்பா வீட்டில் தங்கல். ரொட்டியும் மாசிச் சம்பலும். சின்னம்மா எங்கள் நான்கு சைக்கிளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, பஸ்ஸு ஓடலியா இன்னிக்கு?" என்று கேட்டார். சத்தியமாகக் கிண்டலில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள், போயா (பௌர்ணமி விடுமுறை). நுவரெலியா

தலவாக்கலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர், நுவரெலியா 1,868. இன்றைக்கு முழுவதும் ஏற்றம் என்று சொன்னால் போதும்.

லிந்துலை தாண்டிய பிறகு மகன் இறங்கித் தள்ளத் தொடங்கினான். அவன் தள்ளினால் எல்லோரும் தள்ளுவது என்பது எங்கள் சட்டம். மகளுக்கு அது பிடிக்கவில்லை, முதல் அரைமணி நேரம் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தாள். தள்ளுவதில் என்ன கேவலம் என்று எனக்கு விளங்கவில்லை. ஏற்றத்தில் கடைசிக் கியரைப் போட்டு வேர்த்து வழிந்து மிதிப்பவனும் தள்ளிக்கொண்டு நடப்பவனும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான்.

கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு அக்காமார் விடவில்லை. "தள்ளிக்கிட்டுப் போறதுக்கு எதுக்குங்க சைக்கிளு? சும்மா நடந்தே போயிருக்கலாம்ல?" மகன் பதில் சொன்னான்: "எறக்கத்துக்கு!"

ரதல்லக் குறுக்குப் பாதையால் போனால் தூரம் குறையும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். வேண்டாமென்று பெரிய வீதியிலேயே வந்தோம். 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் செத்த பாதை அது. அந்தச் சரிவில் பிள்ளைகளோடு வாகனத்துக்கு ஒதுங்க இடம் தேட என்னால் ஏலாது.

நானுஓயாவில் இஞ்சிப் பிளேன்டீ, ஆளுக்கு இரண்டு. போயா லீவுக்கு வந்த கார்கள் நுவரெலியாவில் நகரவே இடமில்லாமல் நின்றன. நாங்கள் ஓரத்தால் போய்விட்டோம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய். வெலிமடை

இறக்க நாள். மகன் நாலு மணிக்கே எழும்பிவிட்டான்.

ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஏற்றத்தில் ஒன்றும் ஆகாது. மூச்சு வாங்கும், நிற்பாய், அவ்வளவுதான். பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசிக்க வேண்டியது இறக்கத்தை. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் ஓடினாலும் அந்தப் பாடம் கிடைக்காது, அங்கே இறக்கம் என்றால் மதகுதான்.

காலையில் அறை வாசலில் வைத்து இவர் மகனின் பிரேக்கைப் பார்த்தார். அவன் விரல் பிடிக்கு எட்டுகிறது, ஆனால் நுனிதான் எட்டுகிறது. இரண்டு கிலோமீற்றருக்கு அது போதும்; இருபது கிலோமீற்றருக்கு விரல் மரத்துப்போகும். பிரேக் பிடியின் அடியில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. அதை உள்ளே முறுக்கினால் பிடி ஹாண்டில் பக்கம் கிட்ட வரும். அரைச் சுற்று முறுக்கி, அவனைப் பிடிக்கச் சொல்லி, இன்னும் அரைச் சுற்று. நடுவிரலின் இரண்டாம் கணு வரை பிடியில் படிந்த பிறகுதான் விட்டார். பிடி கிட்ட வந்ததால் கம்பியின் இறுக்கத்தையும் கொஞ்சம் சரிசெய்ய வேண்டியிருந்தது.

பிறகு விதிகள். முன்னால் நான், நடுவில் பிள்ளைகள், கடைசியில் இவர். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கக் கூடாது. பிடித்து விடு, பிடித்து விடு. முடக்குக்கு முன்னால் வேகத்தைக் குறை, முடக்குக்குள் பிரேக்கை அழுத்தாதே. நான் கை தூக்கினால் எல்லோரும் நிற்பது.

சீதா எலியவில் முதல் நிறுத்தம். மே 19இல் சீதையம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. கோபுர வர்ணம் இன்னும் புதுசு. ஓடைக்கரைப் பாறையில் அனுமாரின் கால்தடம் என்று காட்டுகிற குழிகளை மகள் அளந்து பார்த்து, சைக்கிள் சில்லு போனாலும் இப்படித்தான் இருக்கும் என்றாள். ஐயர் காதில் விழவில்லை.

ஹக்கல பூங்கா தாண்டித்தான் உண்மையான இறக்கம். 1861இல் சிங்கோனா பயிரிட்டுப் பார்க்கத் திறந்த இடம் அது. இன்று உள்ளே போக நேரமில்லை. அந்த இறக்கத்தின் முதல் நிறுத்தத்தில் இவர் எச்சில் தொட்ட விரலை என் சில்லின் விளிம்பில் வைத்தார். சுர்ரென்றது. "பாத்தியா? இதுக்குத்தான்" என்று மகனைப் பார்த்தார். விளிம்பு ஆறும்வரை தோடம்பழம் உரித்துத் தின்றோம்.

அங்கே நின்றபோதுதான் கவனித்தேன்: மழைச்சட்டை காய்ந்துவிட்டது. பின்னால் மலை முகட்டில் கறுப்பு மேகம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இந்தப் பக்கம் வரவில்லை. மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வருகிற காற்று இங்கே வெறும் காற்றாக இறங்குகிறது. வீதியோரம் தூசி. கீழே உருளைக்கிழங்கு, கோவா, போஞ்சிப் பாத்திகளுக்குத் தண்ணீர் தூவிக்கொண்டிருந்தார்கள்.

வெலிமடை வந்து சேர்ந்தபோது ஏறினதை விட இறங்கினதில்தான் கை வலித்தது. மகன் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 21, புதன். பண்டாரவளை

ஏற்றம், இறக்கம், ஏற்றம். ஒரு டியூப் போயிற்று, ஒட்டினோம். எதிர்க்காற்று. வேறு விசேஷமில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன். அப்புத்தளை

அப்புத்தளைச் சந்தியில் காற்று சைக்கிளோடு ஆளைத் தள்ளுகிறது. வீதியின் ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் ஒன்றுமேயில்லை. தெற்குச் சமவெளி அப்படியே விழுந்து கிடக்கிறது. மகள் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

பொதிகளை அறையில் போட்டுவிட்டு தம்பேதன்னைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். 1890இல் லிப்டன் கட்டின தொழிற்சாலை இன்னும் வேலை செய்கிறது. இது ஊவாத் தேயிலைக்கு நல்ல காலம்: ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை இந்த வறண்ட காற்றில் கொழுந்து மெதுவாக வளரும், வாசம் ஏறும். ஹற்றன் பக்கத்துக்கு அந்தக் காலம் ஜனவரியிலிருந்துதான். வாசலில் நிற்கும்போதே ஒரு குளிர்ந்த, தைலம் போன்ற மணம் வந்தது. இவர் அம்மா நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர்; தேயிலைத் தூள் என்று வீட்டுக்கு வந்தது கடைசித் தரத் தூள். அதை இவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், கோபமில்லாமல், ஆனால் முழுவதுமாக.

மேலே லிப்டன் சீற்று என்கிற காட்சி முனைக்கு ஏழு கிலோமீற்றர். பாதி தள்ளி, பாதி மிதித்து. உச்சியில் நாங்கள் சேர்வதற்கு முன்பே பனிமூட்டம் சேர்ந்துவிட்டது. கடை ரொட்டி சூடாக இருந்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி. ரயிலில்

சைக்கிள்களுக்குப் பார்சல் துண்டு போட்டு கார்ட் பெட்டியில் ஏற்றியாயிற்று. இதல்கஸ்ஹின்ன, ஓகியா வரை வெயில். ஓகியாவுக்கும் பட்டிப்பொலவுக்கும் நடுவில் சுரங்கம், பாதையின் உச்சி கிட்டத்தட்ட 1,898 மீற்றர். இந்தப் பக்கம் வெயிலில் நுழைந்த ரயில் அந்தப் பக்கம் மழையில் வெளியே வந்தது. பெட்டியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

டிசம்பர் லீவுக்குக் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுவோம் என்கிறாள் மகள்: கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை. கண்டி 500 மீற்றரளவு என்று கைபேசியில் பார்த்துச் சொன்னார் இவர். மகன் கழிக்கிற கணக்கைப் போட்டுப் பார்த்தான்.

"நா பஸ்ல வாரேன்" என்றான்.