பள்ளி பேண்டில் சுருதி கலைவது ஏன்?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி பேண்டுகளில் ஒத்திகைக்கு முன் சுருதி சேர்ப்பது வழக்கம். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பார்த்தால் அது வீண் வேலை. குளிர்ந்த காற்று வாத்தியத்தில் சுருதி இறங்கியிருக்கும், ஊத ஊத ஏறும். பத்து நிமிடமாவது நீண்ட ஸ்வரங்களை ஊதவிட்டுப் பிறகு பாருங்கள்.

சுருதி சேர்க்க ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஓபோ என்ற குழல் வாத்தியம் ‘ஏ’ ஸ்வரத்தைக் கொடுக்கும். பேண்டில் பெரும்பாலும் பி ஃபிளாட். ஆனால் ஒரே ஒலிக்கு வாத்தியத்துக்கு வாத்தியம் ஸ்வரப் பெயர் மாறும்: அதே ஒலிக்கு கிளாரினெட்டும் டிரம்பெட்டும் சி வாசிக்க வேண்டும், ஆல்டோ சாக்ஸபோன் ஜி, பிரெஞ்ச் ஹார்ன் எஃப். புதுப் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்.

சுருதி ஏறியிருந்தால் குழாயை நீட்ட வேண்டும்: ஃப்ளூட்டில் தலைப்பகுதி, டிரம்பெட்டில் பெரிய ஸ்லைடு. கிளாரினெட்டில்தான் வம்பு. மேலே உள்ள ‘பேரல்’ என்ற குட்டிக் குழாயை மட்டும் ரொம்ப இழுத்தால் ஜி, ஏ போன்ற நடு ஸ்வரங்கள் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கிவிடும். ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் நடு இணைப்பையும் கொஞ்சம் இழுங்கள். டிரம்பெட்டில் கீழ் டி, சி ஷார்ப் இரண்டும் எப்போதும் ஏறித்தான் ஒலிக்கும். மூன்றாம் வால்வு ஸ்லைடை இடது மோதிர விரலால் வெளியே தள்ள வேண்டும். அது இறுகிக் கிடந்தால் மாணவனைத் திட்டிப் பயனில்லை, துடைத்து எண்ணெய் விடுங்கள்.

பலமாக ஊதும்போது ஃப்ளூட் ஏறும், கிளாரினெட் இறங்கும். இதை ட்யூனர் என்ற சுருதி காட்டும் கருவியைப் பார்த்துச் சரிசெய்ய முடியாது, காதுதான் வேண்டும். ஒருவர் 440, அடுத்தவர் 442 ஹெர்ட்ஸ் என்றால் ஒலி நொடிக்கு இரண்டு முறை அலையடிக்கும். அலை மெதுவாகி நிற்கும்வரை இருவரை மட்டும் ஊதச் சொல்லுங்கள்.